மசி நக்கிய நாக்கு

ஞாயிறு காலை, எகிப்தின் தால்மிஸ் ஊர்க் கோயிலின் பின்னறையில் நான்கு பேர் நின்று ஒரு காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று வரை அதில் சுவிசேஷப் புத்தகம் இருந்தது. இன்று ஒரு பானை ஓட்டுச் சில்லும் ஒரு பல்லியும் இருந்தன.

"பல்லி எடுத்திருக்காது. அதுக்குப் படிக்கத் தெரியாது," என்றான் கோப்ரேஸ்.

கோயில் மூப்பர் பனாரேஸ் அவனை முறைத்தார். கோப்ரேஸ் முறைப்புகளில் வளர்ந்தவன். குப்பைமேட்டில் கண்டெடுத்த பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப்பக்கம் வைக்கிற பெயர்தான் அவனுக்கும். எருவுக்கும் அதே சொல்தான். அப்படிப் பெயர் எடுத்தவனை அதற்குமேல் யார் என்ன சொல்லிவிட முடியும்? இப்போது அவன் துப்பறியும் ஹெராயிஸுக்குக் கையாள். ஹெராயிஸ், காணாமல் போன கழுதைகளையும் காணாமல் போன கணவர்களையும் தேடிக் கொடுப்பவள். கழுதைக்குத்தான் கூலி அதிகம். கிடைத்ததும் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

"இதப் பாரும்மா ஹெராயிஸ்," மூப்பர் மூச்சு வாங்கினார். "புது ஆயர் படகு மத்தியானத்துக்குள்ள வந்துடும். ஒவ்வொரு ஊர்லயும் அவரே புத்தகத்தத் தொறந்து, பரிசுத்த ஆவி காட்டுற பக்கத்த வாசகர வாசிக்கச் சொல்றாராம். இங்க தொறக்கறதுக்கு என்ன இருக்கு? என் தலையத்தான் தொறந்து காட்டணும்."

"அதுல வாசிக்க ஒண்ணும் இருக்காதே," என்று கோப்ரேஸ் பல்லியிடம் முணுமுணுத்தான்.

மூப்பர் சில்லை எடுத்து ஆட்டினார். அதில் மசியால் கிரேக்க எழுத்துகள் வரிசையாக எழுதியிருந்தன. "இது எழுதிப் பழகற சில்லு. இந்த ஊர்ல எழுத்து சொல்லிக் குடுக்கறவன் இவன் ஒருத்தன். அதுவும் கோயில் சுவத்துல சாஞ்சுகிட்டு, பழைய சாமிங்க அடிச்சுக்கிட்ட பாட்டத்தான் சொல்லிக் குடுப்பான். செரேனோஸு, கேட்டுக்க. ஆயர் முன்னாடி வாசிப்பு ஒழுங்கா நடக்கலேன்னா, பலகையும் பிரம்பையும் கட்டிக்கிட்டு இன்னிக்கே நீ ஊர விட்டுப் போயிடணும்."

வாத்தியார் செரேனோஸ் எலும்பும் தோலுமாக, நாரைக் கழுத்தோடு நின்றார். விடியற்காலையில் ஹெராயிஸின் கதவைத் தட்டியவர் அவர்தான். "நான் எடுக்கல," என்றார் இப்போது. "அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

கோப்ரேஸுக்கு இது விசித்திரமாகப் பட்டது. துப்பறியக் கூப்பிட்டவரே வாயைக் கட்டிக்கொண்டால் எப்படி?

ஹெராயிஸ் சில்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஆல்ஃபாவில் தொடங்கி லாம்டாவில் நின்றது வரிசை. அதன் கீழே மறுபடியும் அதே வரிசை. மூன்றாவது வரிசை, பசு கன்றை நக்கிய மாதிரி வழவழவென்று கலைந்திருந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, காலையில ஒண்ணும் திங்கலேன்னா சொல்லு, சில்ல விட்டுடு."

"சும்மா இருடா. வாத்தியாரே, உங்க பசங்க எதுல எழுதறாங்க?"

"மெழுகுப் பலகைல. தப்பு வந்தா எழுத்தாணிய திருப்பித் தேய்ச்சுடுவாங்க."

"மசியில எழுதற பெரிய பசங்க?"

"கடல்பஞ்சு இருக்கு. நனைச்சுத் தொடைக்கணும்." இடுப்பில் முடிந்திருந்த பஞ்சை வாத்தியார் தொட்டுக் காட்டினார். முதல்முறையாக அவர் குரலில் சூடு ஏறியது. "நாக்கால நக்கினா பிரம்படி! முதல் நாள் முதல் பாடமே எனக்கு அதுதான். நக்கறவன் உருப்படவே மாட்டான்."

"இது நக்கின சில்லு, மூப்பரய்யா," என்றாள் ஹெராயிஸ். "பஞ்சால தொடைச்சா ஓரம் வரைக்கும் சுத்தமாப் போகும். இது நடுவுல மட்டும், நாக்கு அகலத்துக்குக் கலைஞ்சிருக்கு. முள்ளங்கி வாசனை வேற வருது. இவர் பசங்களுக்குப் பிரம்பு பயம், நக்க மாட்டாங்க. இது வேற யாரோ. விளக்குக் கரியும் கோந்தும் கலந்த மசி நாக்குல ஒட்டினா சாயங்காலம் வரைக்கும் போகாது. கறுப்பு நாக்கக் கண்டுபிடிச்சா புத்தகம் கெடைக்கும்."

"ஊர்ல பாதிப் பேருக்குக் கருநாக்குதானே," என்றான் கோப்ரேஸ். "எங்க பக்கத்து வீட்டம்மா என்னப் பார்த்து 'இவன் எங்க போனாலும் உதை வாங்குவான்'னு சொன்னா. இன்னிக்கு வரைக்கும் தப்பினதில்ல."

சொல்லி வாய் மூடவில்லை. திறந்த கதவு வழியே, கோயில் நடுவில் ஆயருக்காகப் போட்டிருந்த நாற்காலியைக் கண்டதும் அவன் கால்கள் தாமாக அங்கே போயின. உட்காரக் குனிந்தவனின் முதுகில் பளீரென்று விழுந்தது ஓர் அறை.

"வாசனைத் தண்ணி தெளிச்ச நாற்காலிடா!" மூப்பர் அலறினார். "இனிமே அந்தத் திண்ட யாரும் தொடக் கூடாது. ஆயரோட பின்பக்கத்துக்கு மட்டும்தான் அது."

கோப்ரேஸ் முதுகைத் தடவிக்கொண்டே திண்டைப் பார்த்தான். "இவ்ளோ உசரமாவா திண்டு போடுவாங்க? ஆயருக்கு மூலமோ?"

மூப்பர் மறு கையை ஓங்கியதால் அந்தச் சந்தேகம் அங்கேயே நின்றுவிட்டது.

*

ஓர் ஊர் முழுக்க நாக்கை நீட்டச் சொன்னால் அடிதடி வரும். ஆனால் ஹெராயிஸுக்கு அதிர்ஷ்டம் பாட்டு வடிவில் வந்தது. கோயில் முற்றத்தில் ஆண்களும் பெண்களும் ஆயரை வரவேற்கும் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தால்மிஸ் வழக்கப்படி, இருப்பவர்களில் பெரியவர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். அது பாட்டானாலும் சரி, ஜெபமானாலும் சரி. மூப்பர் எடுத்துக் கொடுத்தார். ஊர் தொடர்ந்தது.

"வாய நல்லாத் தொறந்து பாடுங்க!" என்று ஹெராயிஸ் கூவினாள். "ஆயருக்குக் காது மந்தமாம்!"

ஊர் வாயைப் பிளந்தது. கோப்ரேஸ் வரிசையாக நடந்தான். கோதுமை அரைப்பவன் நாக்கு வெள்ளை. மதுக்கடைக்காரன் நாக்கு காலையிலேயே சிவப்பு. சாயக்காரன் வாயைத் திறந்ததும் கோப்ரேஸ் துள்ளினான்.

"அக்கா! மாட்டிக்கிட்டான்!"

"அது நீலம்டா. நூலப் பல்லுல கடிச்சு இழுக்கறான்."

"நீலம் முத்தினா கறுப்புதானே?"

"நீ முத்தினா என்ன ஆவேன்னு நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

கடைசியில் நின்றவர் கோயில் வாசகர் ஹோரியோன். ஞாயிறுதோறும் சுவிசேஷம் வாசிக்கிறவர். அகன்ற மார்பு, எருமை மாதிரி குரல். அந்தக் குரலைக் கேட்கவே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கால்வாய் தாண்டி வருவார்கள். இன்று அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு மூக்கால் பாடினார். கோப்ரேஸ் அருகில் போனதும், தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார்.

"பாவம் அக்கா, தொண்டை கட்டிக்கிச்சாம்," என்று கோப்ரேஸ் திரும்பி வந்து சொன்னான். "இன்னிக்குப் பார்த்தா கட்டணும்? எவ்ளோ பெரிய மனுஷன் தெரியுமா? போன வெள்ளத்துல எலிங்க கோயிலுக்குள்ள ஏறி புத்தகத்துல ஒரு பக்கத்த நடுவுல தின்னுடுச்சு. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அடுத்த ஞாயித்துக்கெழமை இவர் அந்தப் பக்கத்தையும் தங்குதடையில்லாம வாசிச்சார். ரெண்டு பொம்பளைங்க மயங்கி விழுந்தாங்க. ஓட்டைய ஆவியே நெரப்பிடுச்சுன்னு மூப்பர் அழுதார். அன்னியிலேருந்து கோயில்ல எலிப்பொறி வைக்கறதில்ல. எலிக்கே மரியாதை."

ஹெராயிஸ் நடையை நிறுத்தினாள். "ஓட்டை விழுந்த பக்கத்த வாசிச்சாரா?"

"ஒரு எடத்துலகூட நிக்கல."

"ஓட்டையில என்னடா எழுதியிருந்துச்சு?"

"ஓட்டையில எப்படி அக்கா எழுத்து..."

  ஊரே அதிசயம் என்று அழுத விஷயத்தில், எழுத்தைப் பார்க்காமல் வாசிக்க எழுத்து தெரிந்திருக்கவே வேண்டாம் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

*

புறாக்கூண்டுக் கோபுரத்தின் பின்னால் ஹோரியோனை மடக்கினார்கள்.

"நாக்க நீட்டுங்க," என்றாள் ஹெராயிஸ்.

அவர் தலையை ஆட்டினார். உதடு பசை போட்டது போல ஒட்டியிருந்தது.

"மன்னிச்சுக்குங்கண்ணே," என்று சொல்லிவிட்டு கோப்ரேஸ் அவர் கால் பெருவிரலை ஓங்கி மிதித்தான்.

"ஆ!"

புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. அந்தக் குரலில் எந்தக் குறையும் இல்லை. நாக்குதான் அடுப்புச் சட்டி மாதிரி இருந்தது. முள்ளங்கி வாசனை ஊரைத் தூக்கியது.

ஹோரியோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்க்க கோப்ரேஸுக்குச் சங்கடமாக இருந்தது. மிதித்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"எங்கப்பாதான் முன்னாடி வாசகர். அவர் வாசிக்கறதக் கேட்டுக் கேட்டு மொத்தமும் எனக்கு மனப்பாடம். வீட்ல பேசறது நம்ம எகிப்துப் பேச்சு, கிரேக்கம் காதுல விழுந்ததுதான். அவர் செத்த அடுத்த ஞாயிறே புத்தகத்த எங்கையில வச்சு 'வாசிடா'ன்னாங்க. படிக்கத் தெரியுமான்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல. எந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு பூ படம், மசிக் கறை, எலி ஓட்டைன்னு அடையாளம் வச்சிருக்கேன். வரிசையா வந்தா வண்டி ஓடும். இப்போ இந்த ஆயர் அவர் இஷ்டத்துக்கு ஒரு பக்கத்தத் தொறப்பேங்கறார்!"

"அதனால புத்தகத்த ஒளிச்சு வச்சீங்க."

"புத்தகம் இல்லேன்னா 'சரி, மனப்பாடமாவே சொல்லு'ம்பாங்கல்ல? ஆனா அதுக்கு முன்னாடி கத்துக்கத்தான் பார்த்தேன். நெசமா பார்த்தேன். இன்னிக்கு விடியறப்பக்கூட பின்னறையில ஒக்காந்து ஒரு தடவ எழுதிப் பார்த்தேன். வந்துட்டா புத்தகத்த எடுத்த எடத்துலயே வச்சுடலாம்னு. லாம்டா வரைக்கும் வருது. அதுக்கப்புறம் எல்லாம் நண்டாத் தெரியுது. பயத்துல முள்ளங்கியத் தின்னுகிட்டே நக்கி நக்கி எழுதினேன். மூப்பர் வர்ற சத்தம் கேட்டுச்சு, சில்லப் போட்டுட்டு ஓடிட்டேன்."

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

ஹோரியோன் தலையைக் குனிந்துகொண்டார். "செரேனோஸ் வாத்தியார். ரகசியமா. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு அவரோட பழைய சாமி செராபிஸ் மேல சத்தியம் பண்ணினார். சில்லப் பார்த்ததுமே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நக்காதே நக்காதேன்னு தெனமும் திட்டுவார்."

 சத்தியத்தைக் காப்பாற்ற ஊரை விட்டே போகத் தயாராக நின்ற அந்த நாரைக் கழுத்து மனிதரைக் கோப்ரேஸ் நினைத்தான். வாயைத் திறக்க முடியாததால்தான் துப்பறிகிறவளைக் கூப்பிட்டிருக்கிறார். மூப்பர் பேய், பிசாசு என்று திட்டுகிற ஆளுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

"அவர் போகப் போறாரு, நீங்க பார்த்துட்டு நின்னீங்க," என்றாள் ஹெராயிஸ். குரல் உயரவில்லை. அதனால்தான் அது அதிகம் வலித்தது.

"வெக்கம்மா. வெக்கம் என்னத் தின்னுடுச்சு."

"புத்தகம் எங்க?"

"பத்திரமா இருக்கு. யாரும் தொடக் கூடாத எடத்துல. நேத்து நான்தான் திண்டு போட்டேன்..."

கால்வாய்ப் பக்கம் கூட்டம் ஆரவாரித்தது. படகு வந்துவிட்டது.

கோப்ரேஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அக்கா! ஆயருக்கு மூலம் இல்ல!"

*

மூவரும் கோயிலுக்குள் பாய்ந்தபோது ஆயர் நாற்காலியருகே வந்திருந்தார். பாலைவனத்தில் கூடை முடைந்துகொண்டிருந்தவரைப் புண்ணியவான் என்று ஊர்கள் கூடி இழுத்து வந்து ஆயராக்கியிருந்தன. காய்த்துப்போன கைகள், குழந்தை முகம், யானை உடம்பு. அந்த உடம்பு இறங்கத் தொடங்கியது.

"உக்காராதீங்க!" ஹெராயிஸ் கத்தினாள்.

ஆயர் பாதியில் நின்றார். பாதியில் நிற்பது அந்த உடம்புக்குச் சுலபமில்லை, முழங்கால்கள் நடுங்கின. கோப்ரேஸ் அவருக்கும் நாற்காலிக்கும் இடையே கையை விட்டுத் திண்டின் அடியிலிருந்து புத்தகத்தை உருவினான்.

 மூப்பர் மயங்கி விழ வசதியான இடத்தைக் கண்ணால் தேடினார்.

"எங்க ஊர் வழக்கம் சாமி," என்றாள் ஹெராயிஸ் மூச்சிரைக்க. "பெரியவங்க உக்கார்றதுக்கு முன்னாடி அந்த ஆசனத்துல சுவிசேஷம் உக்காரணும்."

"நேத்துலேருந்து வழக்கம்," என்று கோப்ரேஸ் தன் மார்புக்குச் சொல்லிக்கொண்டான்.

ஆயரின் முகம் மலர்ந்தது. "இப்படி ஒரு மரியாதைய நான் வேற எந்த ஊர்லயும் பார்க்கலையே! யாரோட யோசனை?"

மூப்பர் மயக்கத்தை ஒத்திவைத்தார். "அடியேன்தான்," என்றார் பணிவாக.

"சரி, வாசிப்ப ஆரம்பிக்கலாம். பக்கத்த நான் தொறக்கறேன்."

ஹோரியோனின் முகம் மாவு மாதிரி வெளுத்தது. கூட்டத்தின் கடைசியில், தூணருகே, செரேனோஸ் தன் பலகைகளை ஏற்கனவே கயிற்றால் கட்டி வைத்திருந்தார். கோப்ரேஸ் புத்தகத்தை ஏந்தி நின்றான். ஆயர் பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொட்டு நனைத்தார்.

கோப்ரேஸ் அதைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். எழுத்து தெரியாதவன்தான் எழுத்து விஷயத்தில் கெடுபிடி பண்ணுவான் என்று அவனுக்குச் சட்டென்று விளங்கியது. ஆயரின் நாக்கு கன்னங்கரேல் என்று இருந்தது.

ஒரு பக்கத்தைத் திறந்து ஆயர் விரலை வைத்தார். "இங்கேருந்து."

"சாமி, எங்க ஊர் வழக்கம் இன்னொண்ணு இருக்கு," என்றான் கோப்ரேஸ், ஊருக்கே கேட்கும்படி. "பெரியவங்க முதல் அடிய எடுத்துக் குடுத்தாத்தான் நாங்க தொடருவோம். நீங்க வெரல் வச்ச எடத்துல முதல் வார்த்தைய மட்டும் வாசிச்சுடுங்க."

"ஆமாமாம்!" என்றது கூட்டம். இந்த வழக்கம் உண்மையானது.

ஆயர் பக்கத்தைப் பார்த்தார். பக்கம் ஆயரைப் பார்த்தது. அவர் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. நெற்றியில் வேர்வை பூத்து மூக்கு நுனிக்கு வந்து, புத்தகத்தின்மேல் சொட்டியது. அவர் மெதுவாகக் கண்ணைத் தூக்கி கோப்ரேஸைப் பார்த்தார். கோப்ரேஸ், பாலும் குடிக்கத் தெரியாத பூனை போல நின்றான்.

"ஆவி," ஆயர் தொண்டையைக் கனைத்தார், "இப்போ வேற மாதிரி சொல்லுது. இந்த ஊர்ல வாசகரே எடம் பார்த்து வாசிக்கட்டுமாம்."

ஹோரியோன் பக்கங்களைப் புரட்டித் தமக்குப் பிடித்த அடையாளத்தில் நிறுத்தினார். எலி தின்ற பக்கம்.

"உசத்திப் பிடிடா," என்று ஹெராயிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கோப்ரேஸ் புத்தகத்தை வாசகரின் வாய் மறைய உயர்த்தினான்; எலி தின்ற தாள் மட்டும் தனியே எழும்பி நின்றது. குரல் எழுந்தது. காணாமல் போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கதை கூரை வரை ஏறி நின்றது. எலி ஓட்டையின் வழியே ஒரு கறுப்பு நாக்கு துள்ளித் துள்ளி ஆடியதைப் பார்த்தது கோப்ரேஸ் மட்டும்தான். சிரிப்பை அடக்கி அவன் விலா வலித்தது. ஆடு கிடைத்த இடத்தில் கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒன்றாக வருவது அவனுக்கு அதுவே முதல்முறை.

"மறுபடியும் ஓட்டைப் பக்கம்!" என்று யாரோ அலறினார்கள். மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள்.

சந்தடியில் ஆயர் ஹோரியோனைப் பக்கத்தில் இழுத்தார். அருகில் புத்தகத்தோடு நின்ற கோப்ரேஸின் காதில் எல்லாம் விழுந்தது.

"தம்பி, உனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது யாரு?"

ஹோரியோன் மூப்பரைப் பார்த்தார். தம் கால் பெருவிரலைப் பார்த்தார். பிறகு அந்த எருமைக் குரலில், கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அதோ, தூண்கிட்ட நிக்கறாரே, செரேனோஸ் வாத்தியார். அவர்தான் எனக்குக் குரு."

"சாமி, அவன் பழைய சாமிங்க பாட்டு..." என்று மூப்பர் குறுக்கே வந்தார்.

ஆயர் கையைத் தூக்கினார். "நான் இங்க கொஞ்ச நாள் தங்கப் போறேன். அந்த வாத்தியார் எங்கயும் போக வேண்டாம்."

செரேனோஸ் வந்து நின்றார். கட்டிய பலகைகள் இன்னும் கையிடுக்கில் இருந்தன. ஆயர் குனிந்து, காதும் காதும் வைத்த மாதிரி கேட்டார். "யாருக்கும் தெரியாம எனக்கும் சொல்லித் தருவியா? மூணு மாசமா நானாவே முட்டிக்கிட்டிருக்கேன். நாலாவது எழுத்து டெல்ட்டாவத் தாண்ட மாட்டேங்குது."

"சத்தியமா ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார் செரேனோஸ். "கொஞ்சம் நாக்க நீட்டுங்க சாமி."

ஆயர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீட்டினார்.

வாத்தியார் பார்த்தார். ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கடல்பஞ்சை எடுத்து, ஆயரின் காய்த்த உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"முதல் பாடம்," என்றார். "நக்கக் கூடாது."